நான் போட்ட புல்லை நானே பிடுங்கினேன்

புல்தரை போடும் தொழிலில் ஒரு வசதி உண்டு: வேலை முடிந்த அன்று சாயங்காலமே வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிடும், கஷ்டமெல்லாம் அடுத்த கோடையில்தான் வரும், அதுவும் அவருக்குத்தான் வரும்.

பாளையங்கோட்டையில் பன்னிரண்டு வருடம் அந்தத் தொழிலைச் செய்தேன். ஓசூர்ப் பக்கமிருந்து லாரியில் புல் வரும். மண்ணோடு சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கியிருப்பார்கள். நாங்கள் தரையைச் சமப்படுத்தி, செம்மண் பரப்பி, தரைக்குக் கல் பதிப்பதுபோல் பதித்துவிட்டு வருவோம். எங்கள் ஊரில் புல் விற்கப் பெரிய பேச்சுத் திறமை வேண்டாம். தாமிரபரணி ஓடுகிற ஊரில் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு. ஆறு ஓடுவது உண்மைதான். ஆனால் அது பெருமாள்புரத்து மாடிவீட்டு வாசல்வரை ஏறி வருவதில்லை. அங்கே ஆழ்துளைப் போர்தான். அந்தப் போர் மோட்டார் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுத்துக் கத்தும்போது கையில் ஹோஸ் பைப்போடு வெயிலில் நின்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிற்காதவர்களும் படிக்கலாம். உங்கள் முறையும் வரும்.

கரும்பலகையில் ஒரு கணக்கு

ஞானமணி டீச்சர் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். மகள் கல்யாணத்துக்காக அவர் வீட்டு வாசலில் நான்தான் புல் போட்டுக் கொடுத்தேன். கல்யாணம் முடிந்து மகள் வெளிநாடு போய்விட்டாள். வீட்டில் டீச்சரும் வாசலில் புல்லும் மிஞ்சினார்கள். ஒரு ஏப்ரலில் என்னைக் கூப்பிட்டனுப்பினார். புல் பழுத்துவிட்டது என்று சத்தம் போடப்போகிறார் என்று நினைத்து, உரப்பையோடு தயாராகப் போனேன்.

டீச்சர் டியூஷன் எடுக்கிற முன்னறையில் ஒரு கரும்பலகை உண்டு. அதற்கு எதிரே என்னை உட்கார வைத்தார். பைப்பில் ஒரு வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது, புல்லுக்கு எவ்வளவு நேரம் பைப் ஓடுகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறார். குளிக்க, சமைக்க, துவைக்க என்று அவருக்கு ஒரு வாரத்துக்கு ஆகிற தண்ணீரை அந்தப் புல் ஒரே நாளில் குடிக்கிறது. பலகையில் மூன்றே வரியில் போட்டுக் காட்டினார். பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட நான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிவிடச் சொன்னார்.

மறுநாள் பேச்சியக்காவோடு போனேன். என்னிடம் வேலை செய்யும் பெண்களுக்கு அவர்தான் தலைவி. வயதில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவர். அந்தப் புல்லைப் பதித்ததும் அவர் கைதான். முதல் வெட்டு விழுந்து, புல் வேரோடு சுருண்டு வந்ததைப் பார்த்ததும் என் முகம் சுருங்கிவிட்டது. படியில் நின்ற டீச்சர் புல்லைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கணக்குத் தப்பாப் போச்சுன்னா அழிச்சிட்டுத் திரும்பப் போடுவோம்லா தம்பி. அதுக்கு ஏன் முகத்தை இப்படி வச்சிருக்கிய?"

இரண்டு கை பொடுதலை

பிடுங்கியாகிவிட்டது. அந்த இடத்தில் என்ன வைப்பது என்று எனக்கே தெரியவில்லை. பேச்சியக்காதான் வாய்க்கால் கரையை ஞாபகப்படுத்தினார். ஆடு மேய்ந்து, ஆள் மிதித்து, சித்திரை வெயிலில் மண் வெடித்துக் கிடக்கிற இடத்திலும் பொடுதலை தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கிறதே, அதை வைத்தால் என்ன என்று கேட்டார். தலைப்பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவோமே, அந்தப் பச்சிலைதான். நான் சிரித்துவிட்டேன். களையைக் கொண்டுபோய் வாசலில் நட்டால் அடுத்த வீட்டில் என்னை யார் கூப்பிடுவார்கள் என்றேன். சிரித்ததை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

டீச்சர் அக்கா பக்கம் நின்றார். பொடுதலையைச் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து கணுக்கணுவாகக் கிள்ளி நட்டோம். சுவரோரம் ஆவாரை, அரளி, நித்தியகல்யாணி. நடக்கிற இடத்துக்குச் சரளைக்கல். செடிகளின் காலடியில் ஈரம் நிற்கத் தென்னை நார். முதல் மாதம் தரை பார்க்கச் சகிக்கவில்லை. வீட்டை இடிக்கப் போகிறீர்களா என்று தெருவில் போகிறவர்கள் நின்று விசாரித்தார்கள். டீச்சர் அசையவில்லை. துணி அலசின தண்ணீரை வாரம் இரண்டு தடவை அந்தப் பக்கம் திருப்பிவிட்டதோடு சரி. ஆடி பிறக்கும்போது தரை முழுக்க மூடிவிட்டது. கொத்தமல்லி விதை அளவில் வெள்ளைப் பூ, அதன்மேல் சின்னச் சின்னப் பட்டாம்பூச்சிகள். நான் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, போகிற வேலையை மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது பக்கத்து வீட்டு அம்மா கையில் ஒரு கிண்ணத்தோடு மதிலோரம் வந்தார்.

"டீச்சர், எண்ணெய் காய்ச்சணும். உங்க லானுல ரெண்டு கை பறிச்சுக்கிடட்டா?"

வக்கீல் வீட்டுக் கள்ளி

ஒரு வீட்டில் ஜெயித்ததும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அதற்குத் தகுந்த மாதிரி ஒரு வக்கீல் வந்து சேர்ந்தார். போனில் ஏதோ பாலைவன நாட்டுத் தோட்டத்தின் படங்களை வைத்திருந்தார். கள்ளி, கள்ளி, எல்லாம் கள்ளி. தண்ணீரே வேண்டாத தோட்டம் வேண்டும் என்றார். அவர் வீடு பள்ளத்தில் இருக்கிறது, மண் கரிசல் என்று பேச்சியக்கா என் காதில் சொன்னார். நான் கேட்கவில்லை. விதவிதமான கள்ளியாகக் கொண்டுவந்து நிரப்பினேன். படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் போய்ப் பார்த்தால், கள்ளியெல்லாம் அவித்த கத்தரிக்காய் மாதிரி தொளதொளத்துச் சாய்ந்து கிடந்தது. நாற்றம் வேறு. வெயிலுக்குத் தாங்குகிற செடி பார்த்தேனே தவிர, எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகையும் உண்டு என்பதை மறந்துவிட்டேன். வக்கீல் குடை பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். கோர்ட்டில் பேசுவதுபோல் நிதானமாகத்தான் பேசினார். அதுதான் இன்னும் வலித்தது.

"தண்ணி இல்லாம வளருற செடி கேட்டேன்வே. நீரு தண்ணி வந்தா சாகுற செடியைக் குடுத்திருக்கீரு."

அண்ணாச்சி கையில் பைப்

வக்கீல் வீட்டில் மறுபடி மண்ணை மேடு மேடாக ஏற்றி, அடியில் ஜல்லி போட்டு, மழைத்தண்ணீர் வடிகிற பள்ளத்தில் வெட்டிவேர் வைத்துச் சரிசெய்து கொடுத்தேன். அது பிழைத்துக்கொண்டது. அதைப் பார்த்துவிட்டு தச்சநல்லூரிலிருந்து ஒரு அம்மா, தன் வீட்டுப் புல்லையும் மாற்றித் தரச் சொல்லி ஆள் அனுப்பினார். அவர் கணவர் பலசரக்கு மொத்த வியாபாரி. அந்தப் பக்கத்தில் அண்ணாச்சி என்றாலே அவர்தான். அவர் வீட்டுப் புல்லும் என் கைவேலைதான். போய்ச் சேர்ந்ததும் அண்ணாச்சி என்னை உட்கார வைத்து, வாசல் பச்சையாக இருந்தால்தான் வீட்டுக்கு லட்சணம், கல்லும் கற்றாழையும் வைத்தால் ஆள் இல்லாத வீடு மாதிரி இருக்கும் என்று நீளமாகப் பேசினார். அந்த அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். காலையிலும் மாலையிலும் அந்தப் புல்லுக்குப் பைப் பிடிப்பது அவர்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் அந்த அம்மா உடன்குடியில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். பத்து நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லி, போகும்போது பைப்பைச் சுருட்டி அண்ணாச்சியின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். முதல் இரண்டு நாள் அண்ணாச்சி கடையைப் பிந்தித் திறந்தார் என்று ஊரே சொன்னது. மூன்றாம் நாள் பைப் கழன்று சட்டையெல்லாம் நனைந்ததாம். நாலாம் நாள் போரில் தண்ணீர் நின்று நின்று வந்ததால், ஒரு மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறார். ஐந்தாம் நாள் காலை எனக்கு போன் வந்தது. குரல் தாழ்ந்திருந்தது.

"தம்பி, ஆளுங்களைக் கூட்டிட்டு உடனே வாரும். அவ வாரதுக்குள்ள எல்லாத்தையும் மாத்திரணும். நான் பைப் பிடிச்சு அசந்துபோயிட்டேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிராதியும்."

ஒரே போர், முப்பத்தாறு வீடு

இனிச் சொல்வதுதான் நான் தூங்காமல் கிடந்த விஷயம். பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு காலனி. நடுவில் பூங்கா. அதில் நான் போட்ட புல்தரைதான் என் தொழிலிலேயே பெரியது. ரிப்பன் வெட்டித் திறந்தார்கள், எனக்குச் சால்வை போட்டார்கள். முப்பத்தாறு வீட்டுக்கும் பூங்காவுக்கும் சேர்த்து ஒரே போர். ஒரு கோடையில் அந்தப் போரில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. வீடுகளுக்கு இரண்டு நாளைக்கு ஒரு தடவை அரைமணி நேரம் தண்ணீர் என்று வைத்தார்கள். புல்லுக்கு மட்டும் தினமும் உண்டு. நிறுத்தினால் புல் செத்துவிடும், போட்ட பணமெல்லாம் வீண் என்பது சங்கச் செயலாளர் சங்கரலிங்கம் சாரின் வாதம். பொதுப்பணித் துறையில் இருந்தவர். கண்டிப்பான மனிதர், ஆனால் தனக்கென்று ஒரு வாளி கூட எடுக்காதவர்.

அங்கே செண்பகம் என்று ஒரு பெண், கோர்ட்டில் கிளார்க். அவர் அம்மா படுத்த படுக்கை. ஒரு நாள் என்னை பஸ் ஸ்டாண்டில் பார்த்து நிறுத்தினார். அம்மாவை ஈரத்துணியால் துடைத்துத்தான் விடுகிறாராம், தலைக்கு ஊற்றி இருபது நாள் ஆகிறதாம். ஜன்னல் வழியே பார்த்தால் புல்லுக்குத் தண்ணீர் பீய்ச்சுவது தெரியுமாம். என்னைத் திட்டவில்லை. இதற்கு ஏதாவது செய்ய முடியுமா என்றுதான் கேட்டார். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு நானே போனேன். ஞானமணி டீச்சரையும் கூட்டிக்கொண்டு போனேன். எழுந்து நின்று, இந்தப் புல்லைப் போட்டது என் தப்பு, எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். சங்கரலிங்கம் சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரே இடத்தில் இரண்டு தடவை காசு வாங்கப் பார்க்கிறீர் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. என்ன சொன்னாலும் நம்ப மாட்டார்கள் என்று தெரிந்து உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் எழுந்து, இந்த வருடம் இந்தப் புல்லில் உட்கார்ந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். ஒரு கையும் எழவில்லை. புல்லில் நடக்காதீர் என்று மூலைக்கு ஒரு பலகை நட்டு வைத்திருந்தால் யார் போய் உட்காருவார்கள்? செண்பகம் எழுந்து தன் அம்மாவைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பத்து நாள் புல்லுக்குத் தண்ணீர் விடாமல் பார்ப்பது என்று முடிவானது. சங்கரலிங்கம் சார் யாரையும் நம்பவில்லை. தினமும் காலையில் தானே மேல்நிலைத் தொட்டியின் ஏணியில் ஏறி, குச்சி விட்டு அளந்தார். எழுபது வயது மனிதர் ஏறுவதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பதினோராம் நாள் காலையில் என் வீட்டு வாசலில் அவருடைய பழைய ஸ்கூட்டர் வந்து நின்றது. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"பத்து நாளும் நானே அளந்தேன், தொட்டியில தண்ணி ஏறிருக்கு. அன்னைக்கு உங்களைச் சொன்னது தப்பு. எப்ப வேலையை ஆரம்பிக்கிய?"

ஆபீசர் கையில் மண்வெட்டி

வேலையை அடுத்த மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும். மழையில் செடி வேர் பிடித்துவிட்டால் பிறகு தண்ணீர் கேட்காது. பேச்சியக்காவும் அவர் கூட்டமும் மட்டும் செய்தால் கார்த்திகை ஆகிவிடும் என்று தெரிந்தது. சங்கரலிங்கம் சார் சங்கத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்: வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும். வந்தார்கள். ஓய்வு பெற்ற தாசில்தார், பேங்க் மேனேஜர், கல்லூரிப் பேராசிரியர், எல்லாரும் தொப்பி வைத்துக்கொண்டு வந்தார்கள். பேச்சியக்கா அவர்களை வரிசையாக நிறுத்தி, யார் எங்கன வெட்டணும், எவ்வளவு ஆழம் வெட்டணும் என்று சொல்லிக்கொண்டே போனார். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. பேராசிரியர் மட்டும் புல்லின் தாவரவியல் பெயரைச் சொல்லத் தொடங்கினார். பைய வெட்டுங்க, பேரைப் பிறகு சொல்லலாம் என்று அக்கா சொன்னதும் நிறுத்திக்கொண்டார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமையில் புல் முழுக்கப் போனது. நடுவில் பொடுதலை, சுற்றிலும் ஆவாரையும் நொச்சியும், நிழலுக்கு வேம்பும் பூவரசும், நடக்கச் சரளைப் பாதை. நடக்காதீர் பலகைகளைச் சங்கரலிங்கம் சாரே பிடுங்கி விறகுக்குக் கொடுத்துவிட்டார். கடைசி நாள் எல்லாரும் மண் கையோடு உட்கார்ந்து டீ குடித்தோம். வேலை எப்படி என்று மெதுவாக அக்காவைக் கேட்டேன். அவர் தாசில்தார் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"நல்லாத்தான் வெட்டுதாவ தம்பி. ஆனா மம்பட்டியைப் பேனா பிடிக்க மாதிரில்லா பிடிக்குதாவ."

அடுத்த சித்திரை

அந்த வருடம் மழை சுமார்தான். அடுத்த கோடை வந்தபோது எனக்குப் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற நிலைமை. பங்குனியில் எங்கே பார்த்தாலும் டேங்கர் லாரிகள் ஓடத் தொடங்கின. நான் வாரத்துக்கு இரண்டு தடவை, வேறு வேலையாகப் போவதுபோல அந்தக் காலனி வழியாகப் போனேன். பொடுதலை கொஞ்சம் சுருங்கியது, ஆனால் காயவில்லை. ஆவாரை மஞ்சளாகப் பூத்து நின்றது. சித்திரை முடிந்தது, வைகாசி முடிந்தது. தினமும் காலையில் முப்பத்தாறு வீட்டிலும் குழாயில் தண்ணீர் வந்தது. அந்தக் கோடை முழுக்க ஒரு லாரியும் அந்தக் காலனிக்குள் நுழையவில்லை. பூங்காவில் சாயங்காலம் உட்கார இடம் கிடைப்பதில்லை. சுற்றுவட்டாரத்துக் காலனிகளிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். அவர்களுக்குச் சுற்றிக்காட்டி விளக்கம் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? சங்கரலிங்கம் சார்தான். இந்த யோசனை முதலில் யாருக்கு வந்தது என்ற இடம் வரும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் தெளிவில்லாமல் போகும். எனக்கு அதில் வருத்தமில்லை.

ஒரு நாள் காலையில் நான் வேம்புக் கன்றுகளுக்குப் பாத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். செண்பகம் ஆபீஸுக்குக் கிளம்பியவர், பஸ்ஸுக்கு நேரமாகியும் என் பக்கம் வந்து நின்றார். மேலே அவர் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் சாய்ந்தபடி, நரைத்த தலைமுடியை விரித்துக் காயவிட்டுக்கொண்டு ஒரு அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவுக்கு இப்பத்தான் தலைக்கு ஊத்திட்டு வாரேன் அண்ணே. போதும் போதும்னாவ, நான்தான் கேக்காம இன்னும் ரெண்டு செம்பு ஊத்தினேன்."

இப்போது என் தொழில் என்னவென்று கேட்கிறவர்களிடம், ஊர்க்காரர்கள் கோடையில் பைப் பிடிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வழி செய்து கொடுப்பது என்று சொல்கிறேன். அதைச் செய்து கொடுத்தே எனக்கு உட்கார நேரமில்லாமல் போய்விட்டது.